தொண்ணூற்றாறு படிகள்

— இரு, இரு. "மனித உடலோடு உரையாடும் மாடிப்படி"ன்னு போட்டிருக்கியே. அது என்னடா பேசுது?

— அக்கா, அது ஒரு கான்செப்ட். நீ அதெல்லாம் படிக்காத. கீழ கையெழுத்துப் போடற இடத்த மட்டும் பாரு.

— என் பேருல நீ எழுதின கடுதாசிய நானே படிக்கக் கூடாதா? "இதயப் பிரிவின் தலைமைச் செவிலியராகிய நான் மெய்சிலிர்ப்போடு சான்றளிக்கிறேன்." எனக்கு எப்படா மெய் சிலிர்த்துச்சு?

— விருதுக் கமிட்டிக்குப் போற கடுதாசி அக்கா. அங்க எல்லாருக்கும் கொஞ்சம் சிலிர்க்கணும்.

— உனக்குப் பொறந்ததுலேருந்தே சிலிர்ப்புதானே, சிற்பி.

— ஆஸ்பத்திரியில வெச்சு அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடாத. நான் இந்தக் கட்டடத்தோட தலைமை வடிவமைப்பாளர்.

— ஆகட்டும். தலைமை வடிவமைப்பாளர் ஏழு வயசுல செருப்புப் பெட்டியில பூனைக்கு மாளிகை கட்டினார். ஜன்னல் மட்டும் ஒம்பது. வாசல் வெக்க மறந்துட்டார். உள்ள வெச்சு மூடி ஒட்டிட்ட பூனைய வெளிய எடுக்க அப்பா கத்திரிக்கோல் தேட வேண்டியதாச்சு. அன்னிக்கு வெச்ச பேரு, இப்ப பதவி மாறினா மாறிடுமா?

— அந்தக் கதைய எத்தன தடவ சொல்லுவ? நேரம் இல்லக்கா. மணி ரெண்டாகப் போவுது. நாலு மணிக்கு மெயின் ஆபீஸ்ல கூட்டம். இதே பிளான்ல இன்னும் பதினொரு ஆஸ்பத்திரி கட்டறதுக்கு இன்னிக்கு ஒப்புதல் குடுக்கறாங்க. விருதுக்குப் போற இதே கடுதாசிய அங்கயும் முதல் பக்கமா வெச்சாதான் ஃபைலே நகரும். கட்டினவன் சொன்னா விளம்பரம்னு சொல்லுவாங்க. உள்ள வேல செய்யறவங்க சொன்னா அது ஆதாரம்.

— சரி, படி. நீயே வாயத் தொறந்து படி. என் கண்ணாடிக்கு இந்த எழுத்து பத்தாது.

— "இப்புதிய கட்டடம் திறக்கப்பட்ட எட்டு மாதங்களில், இதயப் பிரிவை நாடி வரும் நோயாளிகளின் எண்ணிக்கை நாளொன்றுக்கு இருநூறிலிருந்து எண்பத்தைந்தாகக் குறைந்துள்ளது. இம்மாபெரும் நலவாழ்வு மாற்றத்திற்கு மூல காரணம், கட்டடத்தின் நடுவே கம்பீரமாக எழும் தொண்ணூற்றாறு படிகளே."

— கம்பீரமா எழும்புதா?

— எழும்புது அக்கா! நீ தினம் பாக்கறதால உனக்குப் பழகிடுச்சு. எட்டே மாசம். எந்த மருந்தாவது இத செஞ்சிருக்கா? பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு! நான் கூட இவ்வளவு எதிர்பார்க்கல. பேஸிக்கா என் கொள்கை ரொம்ப எளிமையானது. யாருக்கு நடை அதிகமா தேவையோ, அவங்க அதிகமா நடக்கணும். அதனாலதான் பல்லு, கண்ணு எல்லாம் முதல் மாடி. எலும்பு மூட்டு ரெண்டாவது மாடி. இதயம் மூணாவது மாடி.

— முழங்கால் போனவன் ரெண்டு மாடி. நெஞ்சு போனவன் மூணு மாடி.

— கரெக்ட். கட்டடமே ஒரு டாக்டர்.

— ஆகட்டும். பேனாவ எடு.

— ஒரு நிமிஷம். விண்ணப்பத்துல ஒரு கட்டம் இருக்கு. "மூலப் பதிவேட்டின் படம் இணைக்கப்பட வேண்டும்." உங்க ரெஜிஸ்டர்ல ஏதாவது ஒரு பக்கத்த போட்டோ எடுத்துக்கறேன். நேத்து தேதி போதும்.

— எந்த ரெஜிஸ்டர்? மேலதா, கீழதா?

— ரெண்டு இருக்கா?

— கீழ வாசல்ல டோக்கன் குடுக்கும்போது ஒண்ணு எழுதுவாங்க. மேல இங்க வந்து டோக்கனத் திருப்பிக் குடுக்கும்போது நாங்க ஒண்ணு எழுதுவோம். எப்பவும் இப்படித்தான். உனக்கு மாசா மாசம் போன கணக்கு மேலது.

— அப்ப கீழதையும் வரச்சொல்லு. ரெண்டு பதிவேடுன்னா ஆதாரம் ரெண்டு மடங்கு ஆச்சே. கமிட்டி அசந்துடும்.

— அசந்துடும்தான். இரு, போன் பண்றேன்... ஹலோ, நான்தான். நேத்து ரெஜிஸ்டர எடுத்துக்கிட்டு மேல வாங்க. ஆமா, லிஃப்ட்லயே வாங்க, ரெஜிஸ்டர்தானே வருது... டோக்கன்காரர் வர்றாராம்.

— அவர் லிஃப்ட்ல வரலாமா?

— அவர் வரக் கூடாது. ரெஜிஸ்டர் வரலாம். ரெஜிஸ்டர் தனியா வராதே, அதனால கூட அவரும் வர்றார்.

— என்னக்கா கிண்டல்?

— கிண்டல் இல்லடா, உத்தரவு. மேலாளர் எழுதியே ஒட்டியிருக்கார். "மின்தூக்கி கோப்புகளுக்கும் கருவிகளுக்கும் மட்டும்." ஃபைலுக்கு மூச்சு வாங்கக் கூடாதுல்ல.

— நான் அப்படிச் சொல்லலையே! லிஃப்ட் கண்ணுல படக் கூடாதுன்னு மட்டும்தான் சொன்னேன். சோம்பலுக்கு வழி தெரியக் கூடாதுன்னுதான் ஸ்டோர் ரூமுக்குப் பின்னால வெச்சு, செவுத்துக் கலர்லயே கதவுக்கும் பெயிண்ட் அடிச்சேன். முடியாதவங்க கேட்டா திறந்து விடணும்னு பிளான்லயே எழுதியிருக்கேன்.

— திறந்து விடறாங்களே. "தேவைப்படுவோர் மேலாளரை அணுகிச் சாவி பெறவும்"னு கீழ போர்டு இருக்கு.

— அதான பார்த்தேன். அப்புறம் என்ன?

— மேலாளர் ரூம் எங்கன்னு கேளு.

— எங்க?

— இந்த ரூமுக்கு எதிர் ரூம். மூணாவது மாடி.

— சாவி வாங்கறதுக்கே மேல ஏறணுமா?

— புகார்ப் பெட்டியும் அங்கதான் தொங்குது. எட்டு மாசத்துல ஒரு புகார் கூட வரலன்னு அத வேற ஒரு கடுதாசியில எழுதிட்டுப் போயிருக்கியே, போன தடவ.

— அது... அது நிர்வாகக் கோளாறு. அத சரி பண்ணிடலாம். வடிவமைப்புல கோளாறு இல்ல.

— சிற்பி, ஒண்ணு கேக்கறேன். இப்ப நீ எப்படி மேல வந்த?

— ...லிஃப்ட்ல. கையில லேப்டாப் இருந்துச்சு.

— நானும் லிஃப்ட்தான். என் கையில ட்ரே. வாங்க, வாங்க, உள்ள வாங்க. கதவத் தட்டிக்கிட்டு நிக்காதீங்க. இவன்தான் என் தம்பி.

— இவரா சிஸ்டர்? இவரேதானா? தப்பா எடுத்துக்காதீங்க சார், தலை நரைச்சுப் பெரிய ஆளா இருப்பீங்கன்னு நெனைச்சேன். கையக் குடுங்க சார். நான் கீழ டோக்கன் குடுக்கறவன். உங்களாலதான் சார் நான் இன்னும் வேலையில இருக்கேன்.

— பரவால்ல, பரவால்ல. நன்றி. அந்த ரெஜிஸ்டர இப்படி வைங்க. கையில அது என்ன பக்கெட்?

— அது அப்புறம் சார். கணக்கு முடிச்சு சிஸ்டர்கிட்ட ஒப்படைக்கணும்.

— சரி. நேத்து தேதி... மேல் ரெஜிஸ்டர்ல இதயப் பிரிவு எண்பத்தி நாலு. கீழ் ரெஜிஸ்டர்ல இதயப் பிரிவு... அக்கா, இது தப்பு. இருநூத்தி அஞ்சுன்னு இருக்கு.

— தப்பு இல்ல.

— ஒரே நாள் அக்கா. ஒரே பிரிவு. கீழ இருநூத்தி அஞ்சு, மேல எண்பத்தி நாலு. யாரோ ஒருத்தர் கூட்டறதுல தப்பு பண்ணியிருக்காங்க.

— தப்பா எடுத்துக்காதீங்க சார், முப்பது வருஷமா எண்ணிக்கிட்டு இருக்கேன். நான் எழுதினா எழுதினதுதான்.

— நாங்களும்தான்.

— அப்ப நடுவுல நூத்தி இருபத்தொண்ணு பேரு?

— நடுவுலதான்.

— நடுவுலன்னா?

— கீழுக்கும் மேலுக்கும் நடுவுல என்னடா இருக்கு? நீதானே கட்டின.

— ...என்ன சொல்ற?

— அந்தப் பக்கெட்டக் காட்டுங்க அவனுக்கு.

— இதோ சார். இது நேத்து வசூல். பிளாஸ்டிக் வில்லை, நம்பர் போட்டது. மேல போய்ச் சேந்தவங்க இங்க டாக்டர் ரூம் வாசல்ல குடுத்துடுவாங்க. பாதியில திரும்பறவங்களுக்குப் படி அடியில இந்தப் பக்கெட்ட வெச்சிருக்கேன். முன்ன தரையில போட்டுட்டுப் போனாங்க, பொறுக்கி முதுகு விட்டுப் போச்சு. எண்ணிப் பாத்துட்டேன் சார், நூத்தி இருபத்தொண்ணு. ஒண்ணு கூட குறையல.

— திரும்பறவங்களா? டாக்டரப் பாக்காமயா?

— டாக்டர் மேலல்ல சார் இருக்கார்.

— தினமுமா?

— ஞாயித்துக்கெழமை லீவு சார்.

— அக்கா... அப்ப நோயாளிங்க குறையலையா?

— நோயாளி அப்படியேதான் இருக்கான். ஏறத்தான் முடியல.

— எட்டு மாசமா நீ எனக்கு அனுப்பின கணக்கு?

— மேல எத்தன பேரப் பாத்தோம்னு கேட்ட. எண்பத்தஞ்சு பேரப் பாத்தோம், எண்பத்தஞ்சுன்னு எழுதினேன். எத்தன பேரப் பாக்கலன்னு நீ கேக்கவே இல்லையே.

— எனக்குத் தெரியாது அக்கா! சத்தியமா எனக்குத் தெரியாது!

— தெரியாதா?

— தெரியாதா சார்?

— ரெண்டு பேரும் ஏன் அப்படிப் பாக்கறீங்க?

— சும்மா சொல்லாதீங்க சார். தன்னடக்கம். நாங்க கீழ எத்தன நாள் உக்காந்து உங்களப் பத்திப் பேசியிருக்கோம் தெரியுமா? கூட்டம் வேணாம்னு போர்டு வெச்சா ஜனங்க சண்டைக்கு வரும். ஆளப் போட்டு விரட்டினா பேப்பர்ல வரும். நீங்க யாரையும் ஒரு வார்த்த வேணாம்னு சொல்லல. "வாங்க வாங்க"ன்னு இவ்வளவு பெரிய வாசலத் திறந்து வெச்சு, உள்ள படியக் கட்டிட்டீங்க. மேலாளரே சொல்வார், "மூளைன்னா அதுதாய்யா மூளை"ன்னு.

— நான் அதுக்காகக் கட்டல! ஜனங்க நல்லா இருக்கணும்னு கட்டினேன்!

— நெசமாத்தாண்டா சொல்றியா? நானும் இவ்வளவு நாளா நீ வேணும்னேதான் பண்ணியிருக்கன்னு நெனைச்சேன். அரசாங்கத்துக்காரங்க கேட்டிருப்பாங்க, நீயும் கட்டிக் குடுத்துட்டன்னு. வீட்ல கூட இதப் பத்திப் பேசக் கூடாதுன்னுதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்.

— என்னைப் பத்தி அப்படியா நெனைச்ச?

— நல்ல விதமாத்தான் நெனைச்சேன். கெட்டிக்காரன்னு.

— நான் பலதடவ வந்து பாத்திருக்கேனே. ஒரு ஆள் கூட படியில நின்னு நான் பாக்கலையே.

— நீ எப்ப வருவ? காலைல ஆறு மணிக்குப் போட்டோக்காரனக் கூட்டிக்கிட்டு. வெளிச்சம் சாய்வா விழும்போது. போன தடவ ஒரு கெழவி உக்காந்திருந்தா, "பாட்டிம்மா கொஞ்சம் தள்ளிக்கோங்க, கோடு கெடுது"ன்னு நகத்தின. அவ ஏழு மணி டோக்கனுக்கு வந்தவ.

— கமிட்டி? விருதுக் கமிட்டி போன மாசம் வந்து ஒவ்வொரு மாடியா பாத்தாங்களே! அவங்க ஏறினாங்களே!

— அஞ்சு பேரு வந்தாங்க. தலைவருக்கு எழுபத்தி ரெண்டு வயசு. முதல் படியில நின்னு கழுத்தத் தூக்கிப் பாத்துட்டு, "அற்புதம்"னார். அப்புறம் மேலாளர் ஆளுக்கு ஒரு ஃபைல கையில குடுத்து லிஃப்ட்ல ஏத்திட்டார். உத்தரவ மீறக் கூடாது பாரு.

— கடவுளே.

— தண்ணி குடிக்கிறியா? இங்கதான் இருக்கு. குழாய மூணாவது மாடியிலதான வெச்சிருக்க.

— அது... ஏறி வர்றவங்களுக்கு ஒரு பரிசு மாதிரி...

— குடி. நீ பரிசுக்குத் தகுதியான ஆளுதான்.

— நடுவுல உக்கார ஒரு பெஞ்ச் கூட நான் வெக்கல, இல்ல? உக்காந்தா உடம்பு கெடும்னு... நானே எடுத்துடச் சொன்னேன். டிராயிங்ல இருந்துச்சு. நானே அடிச்சேன்.

— தப்பா எடுத்துக்காதீங்க சார், பெஞ்ச் இல்லாட்டியும் படியிலயே உக்காந்துப்பாங்க. ஆனா நீங்க படிக்குப் படி வாசகம் எழுதியிருக்கீங்களே, அது மேல உக்கார சில பேருக்குக் கூச்சம். "எழுந்திரு, ஏறு"ன்னு எழுதியிருக்கும்போது அது மேலயே எப்படி சார் உக்கார்றது? நம்ம போலாம் ஒருத்தர்தான் கூச்சப்படாம உக்காருவார்.

— போலாமா? அது யாரு?

— ரிடையரான பஸ் டிரைவர் சார். நாங்க வெச்ச பேரு. ஒவ்வொரு படிக்கும் கால வெக்கறதுக்கு முன்னாடி "போலாம் ரைட்"னு தனக்குத்தானே சொல்லிப்பார். எல்லாரும் சிரிப்பாங்க. பின்னால ஆள் வந்தா கையக் காட்டி ஓவர்டேக் பண்ணச் சொல்லுவார். ஜாலியான மனுஷன்.

— அவர எனக்குத் தெரியும். பழைய கட்டடத்துல பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவ வருவார். ரத்த அழுத்தம் பாத்து மாத்திர மாத்தணும். பாத்தே ஆகணும், அவருக்கு அப்படி ஒரு உடம்பு.

— இங்க வந்தாரா?

— வந்தார் சார். தொடர்ந்து நாலு நாள். முதல் நாள் முப்பதாவது படி. ரெண்டாம் நாள் முப்பத்தாறு. மூணாம் நாள் நாப்பது. நாப்பதாவது படியில "இன்னும் கொஞ்சம்தான்!"னு எழுதியிருக்கீங்க சார். அங்க உக்காந்துக்கிட்டு என்னப் பாத்துக் கத்தினார், "என்னய்யா, இது நேத்தும் இதையேதான் சொல்லியிருக்கும் போலிருக்கே, வழியில போறவன்கிட்ட வழி கேட்ட மாதிரி!" அப்படின்னு. கீழ நின்ன அத்தன பேரும் சிரிச்சோம்.

— நாலாம் நாள்?

— நாலாம் நாளும் நாப்பதுதான் சார். கொஞ்ச நேரம் உக்காந்திருந்தார். அப்புறம் ரிவர்ஸ் எடுக்கற மாதிரி கையக் காட்டிக்கிட்டே பின்பக்கமா இறங்கினார். அதுக்கும் சிரிச்சோம். அன்னிக்கு மட்டும் பக்கெட்ல ஒண்ணு குறைஞ்சுது. அறுபத்தி மூணாம் நம்பர் வில்லை. ரெண்டு தடவ எண்ணினேன், காணோம்.

— எடுத்துக்கிட்டுப் போயிட்டாரா?

— பத்து நாள் கழிச்சு அவர் பொண்ணு கொண்டு வந்து குடுத்துச்சு சார். சட்டைப் பைய காலி பண்ணும்போது கெடைச்சுதாம். "அரசாங்கப் பொருள், வீட்ல வெச்சுக்கக் கூடாது, அப்பாவுக்கு அதெல்லாம் பிடிக்காது"ன்னு சொல்லிக் கையில குடுத்துட்டு, பக்கெட்டப் பாத்துச்சு. அது எதுக்குன்னு கேட்டுச்சு. நான் சொல்லல சார்.

— செத்துட்டாரா?

— இறங்கின அன்னிக்கு சாயந்திரமே சார்.

— அக்கா, உனக்கு இது தெரியுமா?

— தெரியும்.

— நீ கீழ இறங்கிப் போய்ப் பாத்திருக்கலாமே! ஒரு மெஷின எடுத்துக்கிட்டுப் போய், அந்த நாப்பதாவது படியிலயே...

— ரெண்டு பேரு இருக்கோம். ஒருத்தி ஊசி போட்டுக்கிட்டு இருப்பா, ஒருத்தி டாக்டர் பக்கத்துல நிப்பா. மூணாவது ஒருத்தி இருந்திருந்தா இறங்கியிருப்பா.

— அவர் என் கணக்குல இருக்கார். "குறைந்துள்ளது"ன்னு நான் எழுதினேனே, அதுல அவரும் ஒருத்தர். நான் அவர குணமானவங்க பட்டியல்ல சேத்திருக்கேன்!

— உக்காருடா. முகம் வெளுத்துப் போச்சு.

— உக்கார மாட்டேன். நான் நாலு மணிக் கூட்டத்துக்குப் போறேன். போய் எல்லார் முன்னாலயும் எழுந்து நின்னு சொல்லப் போறேன். "இது ஒரு கலைஞனின் மாபெரும் பிழை. என் கனவின் படிகளில்..."

— ஆரம்பிச்சுட்டான். மன்னிப்புக்கும் ஒரு முன்னுரை.

— கிண்டல் பண்ணாத அக்கா! பதினொரு ஆஸ்பத்திரி! பதினொரு பக்கெட்! இன்னிக்கு நிறுத்தலன்னா நாளைக்கே அஸ்திவாரம் தோண்டிடுவாங்க. அப்புறம் நானே நெனைச்சாலும் முடியாது.

— நீ சொன்னா கேப்பாங்களா?

— அதான் யோசிக்கிறேன். நான் மட்டும் சொன்னா பணிவுன்னு நெனைச்சுக் கை தட்டுவாங்க. போன கூட்டத்துல "குறைகள் இருக்கலாம்"னு ஒரு வார்த்த சொன்னேன், அதுக்கு எழுந்து நின்னு தட்டினாங்க. உள்ள இருக்கறவங்க எழுத்துல குடுக்கணும். டோக்கன்காரரே, நீங்க ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இந்த ரெஜிஸ்டர், இந்தப் பக்கெட், நூத்தி இருபத்தொண்ணு. இதப் பாத்தது நீங்கதான்.

— நானா சார்?

— நீங்கதான் சாட்சி.

— தப்பா எடுத்துக்காதீங்க சார். பழைய கட்டடத்துல என் கவுன்டர் கண்ணாடிய மூணு தடவ உடைச்சாங்க. ஒரு ஆள் என் சட்டையப் பிடிச்சுத் தூக்கினான், பித்தான் எல்லாம் தெறிச்சுது. தினம் சத்தம், தினம் அடிதடி. இங்க வந்து எட்டு மாசமா ஒருத்தன் என்கிட்ட குரல உசத்தினது கெடையாது. மூச்சு இருந்தாத்தானே சார் சத்தம் வரும்.

— நீங்க என்ன சொல்றீங்கன்னு புரியுதா உங்களுக்கு?

— புரியாம என்ன சார். புரிஞ்சதாலதான் ராத்திரி சரியா தூக்கம் வரல, வீட்ல கேட்டுப் பாருங்க. ஆனா கையெழுத்துன்னா... லிஃப்ட் சாவிய ரெண்டரைக்குள்ள மேலாளர்கிட்ட திருப்பிக் குடுக்கணும் சார். வரேன் சிஸ்டர். பக்கெட்ட இங்கயே விட்டுட்டுப் போறேன்.

— போயிட்டார். அக்கா, பாத்தியா? சட்டைப் பித்தானுக்காக!

— பாத்தேன்.

— சரி விடு. நீ இருக்க. அவர் எழுத்த விட உன் எழுத்துக்குத்தான் மதிப்பு. இந்தக் கடுதாசியக் கிழிச்சுப் போட்டுட்டு...

— கிழிக்காத. வெள்ளக் காகிதம் இல்ல இங்க.

— அப்ப இதையே திருப்பிப் பின்பக்கம் எழுதறேன். "கீழே வந்தவர்கள் இருநூற்றைந்து. மேலே பார்க்கப்பட்டவர்கள் எண்பத்தி நான்கு." அவ்வளவுதான். சிலிர்ப்பு கிலிர்ப்பு ஒண்ணும் கெடையாது. முத்திரைய வெச்சு ஒரு கையெழுத்துப் போடு. நான் வாய் தொறந்து ஒரு வார்த்த பேச மாட்டேன், இத மட்டும் மேஜை மேல வெக்கறேன்.

— வெச்சா என்ன ஆகும்?

— பதினொண்ணும் நிக்கும். இங்கயும் மாத்துவேன். ஒரே மாசம் குடு. இதயப் பிரிவு தரைத்தளத்துக்கு வந்துடும், வாசல்லேருந்து பத்தடி நடந்தா போதும். லிஃப்ட் கதவுக்கு நல்ல சிவப்பு பெயிண்ட். ஒவ்வொரு திருப்பத்துலயும் பெஞ்ச். தண்ணி கீழ. எதுவும் கஷ்டமே இல்லக்கா, எல்லாம் செவுத்த எடுக்கற வேலதான்!

— அப்ப எல்லாரும் வந்துடுவாங்க.

— எல்லாரும் வந்துடுவாங்க!

— இருநூத்தி அஞ்சு பேரும்.

— அதுக்கு மேலயே வரலாம். வீட்லயே இருந்துட்டவங்க எத்தன பேரோ.

— டாக்டர் எத்தன பேரு இருப்பாங்க?

— அது... அது பிளான்ல வராதுக்கா. அது வேற துறை.

— சொல்லேன். எத்தன பேரு?

— இப்ப எத்தன பேரு?

— ஒருத்தர். பழைய கட்டடத்துலயும் அதே ஒருத்தர். நர்ஸு ரெண்டு பேரு, பழைய கட்டடத்துலயும் அதே ரெண்டு பேரு. கட்டடம் மட்டும்தாண்டா புதுசு.

— கேப்போம் அக்கா. ஆள் போடச் சொல்லி ரெண்டு பேரும் சேந்து எழுதுவோம்.

— பத்தொம்பது வருஷமா எழுதறேன். எழுதி எழுதி ஒரு தடவ பதில் வந்துச்சு. "தங்கள் சேவை மனப்பான்மையைப் பாராட்டுகிறோம்." அந்த வருஷம்தான் எனக்குக் கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டு ஆபரேஷன் பண்ணாங்க. நீ பழம் வாங்கிக்கிட்டு வந்து பாத்த, நாப்பது நிமிஷம் இருந்த, அதுல முப்பது நிமிஷம் ஜன்னல் எந்தத் திசையில இருக்கணும்னு பேசின.

— தப்புதான். எல்லாம் தப்புதான். ஆனா இப்ப நம்ம கையில இருக்கறது இந்த ஒரு காகிதம். நாலு மணிக்குள்ள இது போகலன்னா பதினொரு இடத்துல...

— பதினொரு இடத்துலயும் ரெண்டு ரெண்டு நர்ஸ் இருப்பாங்கடா.

— அக்கா?

— அவங்களும் பொம்பளைங்கதான். அவங்களுக்கும் கால் இருக்கு.

— நீ என்ன பேசறன்னு தெரிஞ்சுதான் பேசறியா? நூத்தி இருபத்தொண்ணு பேரு அக்கா! தினமும்! அந்த டிரைவர்...

— அவரப் பத்தி நீ எனக்குச் சொல்லாத. அவர் கைய நான் பிடிச்சிருக்கேன், நாடி பாத்திருக்கேன். பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவ. நீ அவரப் பாத்தது கூட இல்ல.

— அப்புறமும் எப்படிக்கா?

— இருபது வருஷத்துல மத்தியானச் சாப்பாட்ட நான் மத்தியானத்துல சாப்பிட்டது இந்த எட்டு மாசந்தாண்டா... அந்தக் காகிதத்த முன்பக்கம் திருப்பு. எங்க கையெழுத்துப் போடணும்?